இருபத்தொன்பது அங்குல மேடை

"டிராயர் கழண்டு விழுந்துருச்சு" என்று அவள் கணவன் தன் தங்கைக்குப் போன் செய்தான். "யாரோடது?" என்று கேட்டாள் தங்கை.

சமையலறை டிராயர் என்று விளங்கியதும் சிரித்து ஓய்ந்து, உடனே வியாபாரத்துக்கு வந்துவிட்டாள். தங்கை வேலை பார்ப்பது மாடுலர் கிச்சன் விற்கிற ஷோரூமில்.

"அண்ணே, ஒண்ணு விழுந்தா மத்ததும் விழும். எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசு போட்டுரலாம். ஞாயித்துக்கிழமை அளவு எடுக்க ஆளைக் கூட்டிட்டு வர்றேன். அண்ணிகிட்ட சொல்லிடு."

விழுந்தது கரண்டியும் கத்தியும் இருக்கிற மேல் டிராயர். விழுந்த இடம் கணவனின் இடது கால் கட்டைவிரல். அது கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்ததால், தங்கை சொன்ன எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டான்.

கவலை அவன் மனைவிக்குத்தான். டிராயருக்காக அல்ல, மேடைக்காக. அவள் உயரம் நாலடி ஏழு அங்குலம். கல்யாணமான முதல் எட்டு வருடம் வாடகை வீடுகளில் பலகை போட்டு ஏறி நின்று சமைத்தவள். ஒருமுறை பலகை வழுக்கி, கொதிக்கிற தண்ணீரோடு சாய்ந்ததற்கு முழங்கையில் தழும்பு இருக்கிறது. சொந்த வீடு கட்டியபோது கொத்தனாரிடம் மல்லுக்கு நின்று மேடையை இருபத்தொன்பது அங்குலத்தில் நிறுத்தினாள். நாத்தனார் கடையின் ரெடிமேட் பெட்டிகள் வந்தால் மேடை முப்பத்துநாலு அங்குலத்துக்குப் போய்விடும். மறுபடியும் பலகை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள டிராயர் ஓடுச்சுன்னா?"

"ஓடுச்சுன்னா எதையும் மாத்த வேண்டாம். ஆனா கயிறு கட்டுறது, டேப்பு ஒட்டுறது எல்லாம் ஆகாது. எனக்கு இன்னும் ஒரு கால்தான் மிச்சம்."

புதன்கிழமை மாலை டிராயரைக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தகடு, தகட்டின் நுனியில் ஒவ்வொரு நைலான் சக்கரம். வலது பக்கச் சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுச் சாமான். அதைத் தாளில் பொதிந்துகொண்டு மறுநாள் மூன்று கடை ஏறி இறங்கினாள்.

முதல் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எந்த மியூசியத்துல இருந்து எடுத்தீங்க?"

இரண்டாவது கடையில் டிராயர் ஓடுகிற புதிய தண்டவாளமே கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தபோது அது அவள் டிராயருக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் நுழையவில்லை. நூலிழைதான் இடிக்கிறது, ஆனால் இடிக்கிறது.

மூன்றாவது கடைக்காரர், "சக்கரம் மட்டும் யாரும் கேக்குறதில்லைம்மா" என்றார்.

"நான் கேக்குறேனே."

"அதான் இல்லைங்கிறேன்."

அவள் வேலை பார்ப்பது மோட்டாருக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற பட்டறையில். பெட்டி மூடியில் பட்டன் வைக்க ஓட்டை போடுவது அவள் பொறுப்பு. கை டிரில் மிஷினில் ஹோல்-சா என்கிற வட்ட ரம்பத்தை மாட்டி அழுத்தினால் ஓட்டை விழும். வெட்டுப்பட்ட வில்லை ரம்பத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அதைத் திட்டிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எறிவாள். வெள்ளிக்கிழமை அப்படி எறிந்த ஒன்று விழுந்த வேகத்தில் எழுந்து, பட்டறை நீளத்துக்கும் கோடு போட்டதுபோல ஓடி, சூப்பர்வைசரின் செருப்பில் முட்டி நின்றது.

அவள் போய் எடுத்தாள். சுத்தமான வட்டம். நட்டநடுவில் ரம்பத்தின் நடு முனை போட்ட ஒரு துளை. ஒன்பது வருடமாகத் தினமும் சக்கரம் செய்து குப்பையில் கொட்டியிருக்கிறாள். ஓட்டை போடுகிறவளுக்கு ஓட்டையில்தானே கண். இந்த வில்லை மெல்லிசு, ஆகாது. ஆனால் வீட்டில் காய் நறுக்கும் பலகை வெள்ளைப் பிளாஸ்டிக், கனம் போதும்.

"சார், இந்த ஹோல்-சாவும் மிஷினும் நாளைக்கு வீட்டுக்கு வேணும்."

"வீட்டுல எங்கே ஓட்டை போடப்போறே?"

"ஓட்டை வேண்டாம் சார். ஓட்டையில இருந்து வர்றதுதான் வேணும்."

சூப்பர்வைசர் மிஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினார். "திங்கக்கிழமை காலையில இங்க இருக்கணும்" என்று எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பலகையைக் கிளாம்பு போட்டு இறுக்கினாள். கணவன் வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, "நல்ல பலகையாச்சே" என்றான். வில்லை வந்தது. அதன் துளையில் போல்ட்டைக் கோத்து, நட்டை இறுக்கி, மிஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளைக் காட்டினாள். பிளந்த சக்கரத்தை ஒட்டவைத்து அளவு பார்த்துப் பார்த்துத் தேய்த்து மாட்டினாள். டிராயர் ஓடியது, வலது பக்கம் சாய்ந்தபடி.

"ஓடுது, ஆனா நொண்டுது. என்னை மாதிரியே" என்றான் கணவன்.

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். டிராயரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இடது சக்கரம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கனமான சாமானெல்லாம் எப்போதும் வலது பக்கம்தான்; பிளந்தது பதின்மூன்று வருடம் அந்தப் பாரம் சுமந்து தேய்ந்த சக்கரம். அதைப் பார்த்து அளவெடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தல்லவா செய்வோம்? இடதை வைத்து அளந்து இரண்டாவது வில்லையைத் தேய்த்தாள்; கை கொஞ்சம் கூடிப்போய் அது போயிற்று. மூன்றாவது சரியாக வந்தது. அதிர்ந்தாலும் கழலாத நட்டைப் போட்டு முறுக்கி, விரல் நுனியால் தொட்டாள். டிராயர் போய் மூடிக்கொண்டது. கணவன் எழுந்து நொண்டி வந்து, எட்டுத் தடவை திறந்து மூடினான். ஒன்பதாவது தடவையும் திறந்தான்.

ஞாயிறு காலை நாத்தனார் அளவுக்காரரோடு வந்து சேர்ந்தாள். அளவுக்காரர் வந்ததும் வராததுமாக டேப்பை நீட்டினார்.

"இருபத்தொன்பதா? இது ஸ்டாண்டர்டு இல்லையேம்மா."

"நானும் இல்லீங்க. முதல்ல டிராயரைப் பாருங்க."

இழுத்தது நாத்தனார். கரண்டி, கத்தி, பூரிக்கட்டை, சின்ன இரும்பு உலக்கை எல்லாம் உள்ளே இருந்தன. கடைசிவரை வந்தது. உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. விட்டாள். ஓடி மூடியது. அளவுக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, நோட்டில் ஒன்றும் எழுதாமலே மூடினார். "இதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை, மேடம்."

"சரி அண்ணி, நீ ஜெயிச்சே" என்றாள் நாத்தனார். "ஆனா நான் வந்தா இந்த மேடையில எப்படி நிக்கிறது? இடுப்பு ஒடிஞ்சிடும்."

"நீ வர்ற அன்னிக்கு நிக்கிறதுக்குக் குழி போட்டுத் தர்றேன். ஓட்டை போடுறதுதானே என் தொழிலே."

கணவன் சிரித்த சிரிப்பில் கால்வலியை மறந்து தரையை உதைத்து, "ஐயோ" என்று உட்கார்ந்தான்.

அவள் டிராயரிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு, நாலு பேருக்குமாக, மூன்று ஓட்டை விழுந்த பலகையில் வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள். தோள் இறுக்கமில்லை. இரண்டு காலும் தரையில் இருந்தன.