கேட்ட காதுகள்

சட்டம் வந்துவிட்டது என்ற செய்தி குவாமுக்கு எட்டிய அன்று, மணி அடிக்காத கோயில் தீவில் ஒன்றுகூட இல்லை. ஐம்பது வருடமாக யாரோ ஒரு அமெரிக்கக் கடற்படை அதிகாரி காலையில் எழுந்து நினைத்ததே எங்களுக்குச் சட்டம். இனி நாங்களும் அமெரிக்கக் குடிமக்கள், எங்கள் சட்டசபைக்கு நாங்களே ஆள் அனுப்பலாம், நீதிமன்றத்தில் நின்று நியாயம் கேட்கலாம் என்றார்கள். ஊர் ஊராகப் பன்றி அடித்தார்கள். தொமாசாவும் பெரிய சட்டி நிறையச் சிவப்புச் சோறு ஆக்கினாள். மற்றவர்களுக்கு அது சட்டம். அவளுக்கு அது வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அவளுடைய நிலம்.

துறைமுகத்தை ஒட்டிய நிலம். பதினோரு ஈரப்பலா மரம், தென்னை, ஒரு கிணறு. ஜப்பான்காரன் ஓடிப்போனதும் கடற்படை வந்து வேலி போட்டது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருடம் ஆயிற்று. சண்டையில் புருஷனைப் பறிகொடுத்த தொமாசா, மகள் ரெமெடியோசோடு மலைச்சரிவில் ஒரு தகரக் குடிசையில் இருந்தாள். அந்தச் செம்மண்ணில் மரவள்ளிகூட வேண்டாவெறுப்பாகத்தான் வளர்ந்தது.

நிலம் அவளுடையது என்பதற்குக் காகிதம் கிடையாது. எங்கள் தீவில் அந்த வழக்கமே இல்லை. தகப்பனுக்குத் தள்ளாமை வந்ததும் ஒரு நாள் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார். பிறகு நிலத்துக்கு நடத்திக்கொண்டு போய், இந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரைக்கும் உனக்கு என்பார். மற்றவர்கள் கேட்டுத் தலையை ஆட்டுவார்கள். பாகப்பிரிவினை முடிந்தது. தொமாசாவின் அப்பா கரைப் பக்கத்தை அவளுக்கும், மேட்டுப் பக்கத்தை மூத்தவன் இக்னாசியோவுக்கும், வடக்கே இருந்த இரண்டு துண்டுகளைச் சின்னவர்கள் இருவருக்கும் கொடுத்தார். அந்தச் சின்னவர்கள் சண்டையில் போய்விட்டார்கள். அப்பாவின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்களில் மிஞ்சியது அண்ணனும் தங்கையும்தான்.

ரெமெடியோஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். காகிதத்தின் அருமை தெரிந்தவள். மாமாவிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று மூன்று வருடத்துக்கு முன்பே நச்சரித்தாள். தொமாசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுதிக் குடுன்னு கேக்குறதும் உன் வாயை நம்பலன்னு மூஞ்சியில சொல்றதும் ஒண்ணுதான்டி. கூடப்பொறந்தவன்கிட்டப் போய் அப்படிக் கேட்டுட்டு நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்?"

இக்னாசியோவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடற்படை காலத்தில் இருந்த பல்லில்லாத சபையில் உறுப்பினன். எங்களுக்கு உரிமை கொடுக்காவிட்டால் இந்த நாற்காலி எதற்கு என்று உறுப்பினர்கள் எழுந்து வெளியேறிய நாளில், முன்வரிசையில் நடந்தவர்களில் அவனும் ஒருவன். அன்றிலிருந்து வயதில் பெரியவர்கள்கூட அவனைத் துன் இக்னாசியோ என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். சட்டம் மட்டும் வரட்டும் தங்கச்சி, அந்த வேலியை என் கையால் பிடுங்கிப் போடுகிறேன் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவளும் அந்தப் பேச்சைச் சாப்பிட்டே ஆறு வருடம் ஓட்டிவிட்டாள்.

சட்டம் வந்த அடுத்த மாதம் தொமாசா கோயிலுக்குப் போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நிலக் கச்சேரிக்குப் போனாள். குமாஸ்தா எங்கள் தீவுக்காரன்தான். சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தவன், படிக்கப் படிக்கச் சிரிப்பை விட்டுவிட்டான். நிலம் ஜூலை மாதமே அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்றான். சட்டம் கையெழுத்தாவதற்கு இரண்டே வாரம் முன்பு. அப்பா யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை, தங்கைக்கென்று தனிப் பங்கு கிடையாது, மூத்த மகன் என்ற முறையில் குடும்பத்துக்காகக் கரைப் பக்கத்தை ஒப்புக்கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்து ஒரு தாள். அடியில் இக்னாசியோவின் கையெழுத்து. ரெமெடியோஸ் அதை இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

என் அண்ணனை மிரட்டித்தான் வாங்கியிருப்பார்கள் என்று வழியெல்லாம் தொமாசா சொல்லிக்கொண்டே வந்தாள். நேரே மேட்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் தேர்தல் தட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. புதிய சட்டசபைக்கு இக்னாசியோ நிற்கிறான். கேட்டதும் அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல் அடி.

"துறைமுக நிலம் தீராமக் கிடந்தா சட்டம் அமெரிக்காவுல மேசையிலேயே தூங்கும்னு சொன்னாங்க. தீவு முழுக்க ஒரு பக்கம், உன் பதினோரு மரம் ஒரு பக்கம். நான் என்ன பண்ணட்டும்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"அதுக்குத்தானே கேக்குறது?"

அப்படி ஒரு நிபந்தனையை யார் போட்டார்கள், வாயால் சொன்னார்களா எழுத்தில் கொடுத்தார்களா என்று ரெமெடியோஸ் துருவிக் கேட்டாள். மாமா பேச்சை மாற்றினான். வேறு பக்கம் நல்ல இடமாகப் பார்த்துத் தருகிறேன், தேர்தல் முடியட்டும் என்றான். அவன் பெண்டாட்டி சோளரொட்டி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

சட்டம் கொடுத்த நீதிமன்றம் இருக்கிறதே என்று ரெமெடியோஸ் மனு எழுதினாள். வழக்கு முழுவதும் ஒரே ஒரு வார்த்தையில் தொங்கியது. அப்பா கொடுத்ததை நான் கேட்டேன் என்று இக்னாசியோ சொன்னால் அந்தத் தாள் பொய், நிலம் தொமாசாவுக்கு. ஆனால் பொய்ச் சத்தியம் செய்தவன் சட்டசபைக்குப் போக முடியாது, சிறைக்குப் போகலாம். தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. மாமா சொல்லமாட்டான் என்று மகள் அடித்துச் சொன்னாள். தாளில் எழுதுவது வேறு, செத்துப்போன அப்பாவை வைத்துக்கொண்டு ஊர் முன்னால் வாயால் சொல்வது வேறு, என் அண்ணன் அந்த அளவுக்குப் போகமாட்டான் என்று தொமாசா அவள் வாயை அடைத்தாள். இத்தனைக்குப் பிறகும் நம்பினாள். அதற்காக அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழக்கன்று நீதிமன்றமாக இருந்த தகரக் கூடத்தில் நிற்க இடமில்லை. நீதிபதி கடல் தாண்டி வந்தவர், எங்கள் பேச்சை அவர் மொழியில் மாற்றிச் சொல்ல ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தொமாசா நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு இறங்கினாள். இக்னாசியோ ஏறி, வேதப்புத்தகத்தில் கை வைத்தான். உன் அப்பா கரைப் பக்கத்தை உன் தங்கைக்குக் கொடுத்ததைக் கேட்டாயா என்று கேட்டார்கள். அவன் தங்கையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான்.

"அப்படி ஒண்ணு நடந்ததா எனக்கு நினைவில்ல."

முன்வரிசைக் கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தொமாசாவுக்கு நிலம் போனதுகூட அப்போது உறைக்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரம் மரமாகக் காட்டிய அப்பாவை, அந்த மத்தியானத்தை, இல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டானே என்றுதான் வயிறு எரிந்தது. கடற்படை வேலி போட்டபோதுகூட அவளுக்கு இப்படி எரிந்ததில்லை.

நீதிபதி தாள்களைப் புரட்டினார். ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். இக்னாசியோவைச் சாட்சி நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தொமாசாவை மறுபடி எழுப்பினார். உன் அண்ணன் வீடு இருக்கிற மேட்டு நிலமும் இப்படி வாய்ச்சொல்லில் வந்ததுதானா, உன் அப்பா கொடுத்ததை நீ கேட்டாயா என்றார்.

இக்னாசியோவின் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கும் காகிதம் கிடையாது. அவன் பங்குக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான். எனக்கும் நினைவில்லை என்று அவளும் சொல்லிவிட்டால் வீடும் போயிற்று, மேடும் போயிற்று. அப்படியே சொல்லும்மா என்று பின்னாலிருந்து ரெமெடியோஸ் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் அதையேதான் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

தொமாசா அண்ணனை நன்றாக ஒரு முறை பார்த்தாள்.

"கேட்டேங்கய்யா. கிணத்து மேட்டுலேர்ந்து ரோடு வரைக்கும் மூத்தவனுக்குன்னு அப்பா சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

நீதிமன்றக் குமாஸ்தா எழுதிக்கொண்டான். இக்னாசியோ கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு அங்கே நின்று கேட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று நீதிபதி கேட்டார். பிள்ளைகள் நாலு பேர் என்றாள். அதில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் யார் யார், பதிவுக்காகச் சொல் என்றார்.

"நான் ஒருத்திதாங்கய்யா" என்றாள் தொமாசா.

மொழி மாற்றிச் சொல்கிறவன் சாட்சி நாற்காலியில் இருந்த இக்னாசியோவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சரியாகத்தான் சொல்கிறாயா என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"சரியாத்தான் சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க."