செத்த பற்றரிகள்

சிவமணி வந்து ஒரு மாதத்துக்குள் ஜெகதீஸ்வரி வீட்டுக் குப்பைவாளி பட்டினி கிடக்கத் தொடங்கியது. மாநகரசபைக் குப்பை வண்டிக்காரர் ஒருநாள் படியேறி வந்து, வீட்டில் ஆட்கள் இருக்கிறீர்களா, இல்லை எங்காவது போய்விட்டீர்களா என்று சிங்களத்தில் விசாரித்துவிட்டுப் போனார். ஜெகதீஸ்வரிக்கு மானம் போயிற்று.

காப்புறுதிக் கந்தோரில் வேலை, கொழும்பில் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வீடு. ஒன்றை இரண்டாம் தரம் பாவிப்பது வக்கில்லாதவர்களின் வேலை என்பது அவளுடைய கட்சி. சிவமணியோ அவள் கணவன் நாகேந்திரத்தின் தமக்கை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளிநொச்சி, வவுனியா என்று இழுபட்டு, ஒரேயொரு பையோடு வந்து சேர்ந்தவள். வந்த அன்றே குப்பைவாளிக்குள் எட்டிப் பார்த்து, இதெல்லாம் நல்ல சாமான்களல்லவா என்று திகைத்து நின்றாள்.

பிறகென்ன, பால்மா ரின் வெட்டுப்பட்டுக் குப்பை அள்ளும் தகடானது. பாண் வந்த பைகள் பின்னுப்பட்டுக் கொடிக்கயிறாகின. பிய்ந்த ரப்பர் செருப்பில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிக் குழாய்க்குள் வைத்தாள். சொட்டிக்கொண்டிருந்த குழாய் அன்றோடு வாயை மூடியது. பிளம்பரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டிய நாகேந்திரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஜெகதீஸ்வரி முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் அந்தக் கைகளைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கண்டிப்பாக நின்றாள். அயல் வீடுகள் எறிகிற செத்த டோர்ச் பற்றரிகளையும் சிவமணி பொறுக்கி வந்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. தை மாதக் கடைசியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்ததிலிருந்து தமிழ் வீடுகளில் ஓயாத சோதனை. பற்றரியும் வயரும் அகப்பட்டால் வீட்டுக்காரனைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று மச்சாளுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். சிவமணியும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டிருந்த காலமெல்லாம் அதைப் பவுன் போலக் காத்தவள் அவள். எறியச் சொன்னால் அவளுக்கு ஒளித்து வைக்கத்தான் தெரியும்.

மாசி போய்ப் பங்குனி பிறந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் சோதனைக்கு வந்தார்கள். கரண்டும் இல்லை. உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கடமைக்கு அனுப்பிவிட்ட கடுப்பு ஒவ்வொரு பொலிஸ்காரனுடைய முகத்திலும் தெரிந்தது. ஒருவன் சிவமணியின் கட்டிலுக்குக் கீழே குனிந்தான். குனிந்தவன் அப்படியே பின்னால் நகர்ந்து வந்தான்.

சைக்கிள் ரியூப்பை வெட்டி, அதற்குள் பற்றரிகளை வரிசையாக இறுக்கி, இரண்டு பக்கமும் வயர் விட்டிருந்தாள் மகராசி. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியில் கை வைத்தபடி நாகேந்திரத்தைச் சுவரோடு நிற்கச் சொன்னார். அவனோடு அக்காவும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று வெள்ளவத்தையில் எவரும் கேட்பதில்லை.

சிங்களம் தெரியாத சிவமணிதான் நிதானமாக இருந்தாள்.

"றேடியோவில பூட்டிக் காட்டட்டோ எண்டு கேளும்."

ஜெகதீஸ்வரி கேட்டாள். இன்ஸ்பெக்டர் யோசித்தார். மற்றவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, தான் மட்டும் கதவோரம் நின்று தலையசைத்தார். சிவமணி அலுமாரிமேல் கிடந்த பழைய றேடியோவை எடுத்து வயர்களைப் பொருத்தினாள். சத்தமே இல்லை. குசினிக்குப் போய் உப்புத் தண்ணீர் கரைத்து வந்து, பற்றரிகளில் ஆணியால் குத்தியிருந்த துளைகளில் துளித் துளியாக விட்டாள். நாகேந்திரத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு, ஊர் உலகமெல்லாம் செத்ததென்று எறிந்த அந்தப் பற்றரிகளிலிருந்து ஒரு மனிதக் குரல் எழும்பியது. சிங்களத்தில் கிரிக்கெட் வர்ணனை, அதற்குப் பின்னால் ஒரு மைதானமே ஆர்ப்பரிக்கிற சத்தம். ஜெகதீஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தை மறந்து, கும்பிட வேண்டும் போல நின்றாள். வெளியே அனுப்பப்பட்டவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கியிலிருந்து எப்போது இறங்கியதென்று அவருக்கே தெரிந்திருக்காது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒரு பொலிஸ்காரன் தன்னை மறந்து நாகேந்திரத்தின் தோளில் தட்டினான்.

இலங்கை வெற்றியை நெருங்கிய கட்டத்தில் சிவமணி கை நீட்டி றேடியோவை நிறுத்தினாள்.

ஏன் நிறுத்தினாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டது அதட்டலாகத்தான் வந்தது.

"பற்றரி இறங்கிப் போடும். செய்திக்கு வேணும்," என்றாள் சிவமணி. "எந்த ஊரில அடி விழுகுதெண்டு அதிலதான் எங்களுக்குத் தெரியும். எங்கட ஊர்ப் பேரையும் அதிலதான் கேட்டனாங்கள்."

பொலிஸ்காரர்களிடம் எதையும் வழவழப்பாக்கிச் சொல்லியே இத்தனை வருடம் பிழைத்தவள் ஜெகதீஸ்வரி. பற்றரியை மிச்சம் பிடிக்கிறா என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முழுவதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் றேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார். எவரும் அதைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. கடைசியில், இதைக் கட்டிலுக்குக் கீழே வைக்காமல் கண்ணுக்குத் தெரிய மேசையில் வைக்கச் சொல், அடுத்த முறை வருகிறவன் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான் என்று ஜெகதீஸ்வரியிடம் மெல்லச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாகேந்திரம் சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தான்.

செய்தி நேரம் வந்ததும் சிவமணி றேடியோவைப் போட்டாள். ஜெகதீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடமும் கொழும்பில் செய்தி கேட்டவள்தான். அன்றுதான் முதல்முறையாக, வாசிக்கப்பட்ட ஒவ்வொரு ஊரின் பெயருக்கும் மச்சாளின் முகத்தைப் பார்த்தாள்.