ஒன்றரை நிமிடம் மிச்சம்

1

இதைக் கதையாக எழுத எனக்கு உத்தேசமே இல்லை. என்னிடம் கேட்டது அரைப் பக்கம். ஆல்பத்தின் உள்ளட்டையில் "இன்னாருக்கு நன்றி, இன்னாருக்கு நன்றி" என்று பொடி எழுத்தில் வருமே, யாரும் படிக்காத பக்கம், அதுதான்.

கேட்டவள் தந்தி. பள்ளியில் வைத்த பெயர் அது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. இன்று அவள் ஒரு இசைக்குழுவின் குரல். நாலு பேர் கிதாரையும் டிரம்சையும் போட்டு அடி அடியென்று அடிப்பார்கள், நடுவில் நின்று இவள் மூச்சுவிடாமல் ராப் சொல்வாள். ராப்பையும் ஹெவி மெட்டலையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறலாம் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பழைய ஆல்பம். அதைக் கேட்டுத்தான் இங்கே குழு ஆரம்பித்தார்கள், முடி வளர்த்தார்கள், பெற்றோரிடம் அடி வாங்கினார்கள். அதை எங்கள் கையில் கொடுத்தவர் ஒரு கேசட் கடைக்காரர்.

"முதல் பேரு கடைக்கார அண்ணாதான்" என்றாள் தந்தி. "அதுக்கப்புறம் யாரை வேணா போடு. எங்கம்மாவையே ரெண்டாவதா போடு, நான் பேசிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை போய் அனுமதி கேட்டேன். "என் பேர் வேணாம்மா" என்றார் அவர். காரணம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது.

2

அன்று மாலையே நன்றிப் பக்கத்தை மறந்து இதைத் தொடங்கினேன். முதல் வாக்கியங்கள் இப்படிப் போயின:

கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியபோது வானம் வெளுத்து— (வேண்டாம். வானத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

இசைக்கு மொழி கிடையாது என்று— (யார் சொன்னது? அந்த ஆல்பத்தில் ஒரு ஆள் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுகிறான்.)

அவர் ஒரு குற்றவாளியைப் போல— (அதற்குள் என்ன அவசரம்?)

கடைசியில் கடையிலிருந்தே ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். இப்போது அது பழுதுபார்க்கும் கடை. இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, எப்போதாவது ஒரு வானொலி. கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் வளையும் விளக்கு, டப்பா நிறைய திருகாணி. மேல் தட்டில், துணி போர்த்திய பழைய இரட்டை கேசட் டெக். ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் பதியும். அவர் மனைவி வாசலோரம் உட்கார்ந்து, வருகிற சாமான்களில் சீட்டுக் கட்டுவார். அந்தக் காலத்தில் கேசட்டுகளின் மேல் பாட்டுப் பட்டியல் எழுதியதும் அவர் கையெழுத்துதான்.

அந்த ஆல்பத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். "ஒருத்தன் திட்டுறான், மத்தவங்க தகரத்தை இழுக்குறாங்க. ஆனா நல்லாத் திட்டுறான்" என்றார்.

3

புதன்கிழமை கடைக்காரர் காரணத்தைச் சொன்னார். [உங்களுக்கு இயந்திரச் சமாச்சாரம் பிடிக்காது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பத்தி பொறுங்கள். முழுக் கதையும் இதில்தான் தொங்குகிறது.]

அப்போது எல்லோரும் வாங்கியது அறுபது நிமிடக் கேசட். பக்கத்துக்கு முப்பது. அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் அதில் அடங்கிவிட்டது. இரண்டாம் பக்கம் முப்பத்தொன்றரை நிமிடம். முதலில் பதினோரு பேருக்கு அப்படியே பதிந்து கொடுத்தார். கடைசிப் பாட்டு நடுவில் டக்கென்று நின்றது. பிறகுதான் ஒருநாள், கையில் வேலை இல்லாத நேரத்தில், மிஞ்சிப்போன அந்த ஒன்றரை நிமிடத்தை உட்கார்ந்து கேட்டார்.

கிதார்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. டிரம்ஸ் நிற்கிறது. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஆள் பேச்சுக் குரலில் ஏதோ வாசிக்கிறான்.

"பாஷை புரியலம்மா" என்றார் கடைக்காரர். "ஆனா பேர் பேராச் சொல்றான்னு புரிஞ்சுது. ஒரு பேர், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு பேர். எல்லாருக்கும் நன்றி சொல்றான். நன்றி சொல்ற இடத்துல எப்படி வெட்டுறது?"

எனவே டெக்கைப் பிரித்தார். ஓடுகிற பக்கத்து மோட்டாரின் முதுகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அதை ஒரு மயிரிழை திருப்பினார். நூற்றுக்கு ஐந்து வேகம் கூடியது. முப்பத்தொன்றரை நிமிடம் முப்பதுக்குள் அடங்கியது. அதன்பிறகு அந்த ஆல்பத்தை வாங்கிய அத்தனை பேரும் அதை வேகமாகவும் கீச்சென்றும்தான் கேட்டார்கள், அதுதான் அசல் என்று நம்பினார்கள்.

போன வாரம் மனைவியின் கைபேசியில் அசலைத் தேடிப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"ஆனை நடந்து வர்ற மாதிரி இருக்கும்மா அந்த கிதார். நான் அதை ஆட்டுக்குட்டி ஆக்கி வித்திருக்கேன். ஒன்றரை நிமிஷத்துக்காக ஒரு மணி நேரத்தைக் கெடுத்திருக்கேன். அந்தப் பாடுற பொண்ணு என்னடான்னா, என் கேசட் வேகமா ஓடினது மெஷின் கோளாறா இருக்கும்னு பேட்டியில சிரிச்சுக்கிட்டே சொல்லுது. கோளாறு இல்ல. வேணும்னே செஞ்சது. இதுல நன்றி வேறயா?"

"நான் அவகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். நாளைக்கு வரச் சொல்லு. நானே சொல்றேன். அவ வாயால திட்டு வாங்கினாத்தான் எனக்கு ஆறும்."

4

இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதர் ஒரு திருகுக்காக மனம் நோவாரா? வாசகர் நம்புவாரா? இன்னும் பெரிய குற்றமாக ஏதாவது சுமத்தலாமா என்றுகூட யோசித்தேன். அவர் மனைவியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"மூணு நாளா சாப்பாடு இறங்கல இந்த மனுஷனுக்கு" என்றார் அவர். "ஃபேனைக் கழட்டுறாரு, மாட்டுறாரு, மறுபடி கழட்டுறாரு. உங்க கதையில எப்படி வேணா எழுதுங்க. எனக்கு அவர் சாப்பிட்டாப் போதும்."

சரி, நம்பிவிட்டேன்.

என் பங்குக்கு நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் பதினோரு கேசட்டில் ஒன்று என்னுடையது. அந்த ஆல்பத்தை நான் சரியான வேகத்தில், ஆனால் அதன் முடிவு இல்லாமல் கேட்டு வளர்ந்தவள். கடைசிப் பாட்டு அப்படித்தான் நிற்கும் என்று நினைத்தேன். அதுதான் கெத்து என்றும் நினைத்தேன். என் கதைகள் பாதியில் டக்கென்று நிற்பதை விமர்சகர்கள் என் பாணி என்கிறார்கள். பாணியாவது, மண்ணாவது. நாடா தீர்ந்துபோனதுதான் காரணம்.

அந்த நன்றியை நேற்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். புதன்கிழமை மத்தியானம், சமையலறையில் நின்றபடி. அழுதேன். அதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

5

வியாழக்கிழமை காலை தந்தி வந்தாள். வந்ததும் வராததுமாகக் கடைக்காரரின் மேஜையில் சாய்ந்துகொண்டு, பாட்டுப் பதிவு, டிரம்ஸ்காரரின் முதுகுவலி, அட்டைப் படம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அது மெஷின் கோளாறு இல்லம்மா. நான்தான் திருகினேன்."

அவள் பேச்சை நிறுத்தினாள். நான் அறிந்து அவள் நின்றது அன்றைக்குத்தான். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அறுபது நிமிடம், மிஞ்சிய ஒன்றரை, பெயர்கள், ஓட்டை, திருகு.

"கடைசிப் பாட்டுக்காக முழுசையுமா திருகினீங்க?"

"ஒண்ணை மட்டும் திருகினா காது கண்டுபிடிச்சிடும். முதல்லேருந்தே வேகமா ஓடினா யாருக்கும் தெரியாது."

[வாசகரே, "எனக்கு அப்பவே தெரியும்ணா" என்று தந்தி புன்னகைப்பதாக ஒரு வடிவம் எழுதிவைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. முகம் போன போக்கைப் பார்த்தேன்.]

"அண்ணா" என்றாள். "எனக்குப் பதிமூணு வயசு. வீட்டுல மெதுவாப் பேசு. ஸ்கூல்ல மெதுவாப் பேசு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவரும் அதையேதான் சொன்னாரு. நான் வாயை மூடிட்டேன். ஒரு வருஷம் யார்கிட்டயும் பேசல. அப்பத்தான் உங்க கேசட்டைப் போட்டேன். உலகத்துல ஒருத்தன் என் வேகத்துல பேசுறான்னு தெரிஞ்சுது. அவன்கூடச் சேர்ந்து பேசிப் பேசித்தான் எனக்கு வாய் திரும்ப வந்துச்சு."

"ஆனா அவன் அந்த வேகத்துல பேசலையேம்மா."

"பேசல. அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல. நீங்க செஞ்சு குடுத்திருக்கீங்க."

வாசலில் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு அச்சு" என்றாள் தந்தி. "பேர் போடலாமா, வேணாமா?"

6 (சரியான வேகத்தில்)

அவர் எழுந்து மேல் தட்டிலிருந்து டெக்கை இறக்கினார். போர்த்தியிருந்த துணியை எடுத்து நாலாக மடித்தார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, மோட்டாரின் முதுகில் இருந்த அந்த ஓட்டையை எங்கள் இருவருக்கும் காட்டினார். எறும்பு நுழையும் அளவுதான். தந்தி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, போடுறதுன்னா ஒண்ணு சொல்றேன், என் பேரை மட்டும்

7 (திருகைத் திருப்பிய பின்)

என் பேரை மட்டும் போட்டா நல்லா இருக்காது, நன்றியைக் கேக்காமப் போன அந்தப் பதினோரு பேரையும் போடு, எழுதிக்கோ, பல் டாக்டர் வீட்டு இரட்டையர் ஆளுக்கு ஒண்ணு வாங்கினாங்க, வெல்டிங் பட்டறைக்காரர், தபால்கார அக்கா, ரத்தம் எடுக்கிற தம்பி, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், தையல்காரர் மருமகன், பேங்க் வாட்ச்மேன், நூலகத்து அம்மா, லாரி மெக்கானிக்" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார், தந்தியே வாயைப் பிளந்து பார்த்தாள், எல்லோருடைய பெயரும் அவருக்கு நினைவிருந்தது, "பதினொண்ணாவது நீதான்மா, மஞ்சக் குடை வச்சிருப்ப, மழையில நனையாம கேசட்டைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுப் போன" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, "பட்டியல் எழுதினவ பேரும் வரணும்" என்று வாசலைக் காட்டினார், "நம்ம பேர் எதுக்கு" என்று சிணுங்கிய மனைவி "இனிஷியலைச் சரியாப் போடச் சொல்லுங்க" என்றார், "உங்க பேர் முதல்ல வரும்ணா" என்றாள் தந்தி, "முதல்ல வேணாம், கடைசியில போடு, கடைசியில இருக்கிறதுதான் வெட்டுப்படும், வெட்டாம வந்துச்சுன்னா எனக்குக் கிடைச்சதா வச்சுக்கிறேன்" என்றார், என்றுவிட்டு, "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று மனைவியைக் கேட்டார்.

8

அவ்வளவுதான் கதை. இனி வேலை.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்தை வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. "அரைப் பக்கம்னு சொன்னாங்க, இதுல ஒன்றரை வரி தள்ளுது. கடைசிப் பேரை எடுத்துடலாமா? இல்லேன்னா எல்லா எழுத்தையும் கொஞ்சம் சுருக்கணும். படிக்கிறவங்களுக்குக் கண்ணு வலிக்கும்."

"எவ்வளவு சுருக்கணும்?"

"நூத்துக்கு அஞ்சு."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கடைக்காரரின் பெயரையும் இங்கே சொல்ல மாட்டேன். அது போக வேண்டிய இடம் வேறு. தந்தியின் ஆல்பம் எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால் உள்ளட்டையைத் திருப்பிப் பாருங்கள். கடைசி வரியில் யார் இருக்கிறார் என்று நீங்களே படித்துக்கொள்ளுங்கள். எழுத்து வழக்கத்தைவிடப் பொடியாகத் தெரிந்தால் உங்கள் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள்.