பார்க்கக் கூடாத முகம்

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். பிரேசிலின் சால்வடோர் நகரின்மேல் கடற்காற்றோடு சாரல் விழுந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் ரைலானேயும் அவள் தாய் ஜோசெலிட்டாவும் அமர்ந்திருந்தார்கள். இருவரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த குழுவினர் ஐவரும், அவர்களுடைய செயலாளனாகிய நானும் வெள்ளையே உடுத்தியிருந்தோம். ஆப்பிரிக்காவிலிருந்து எங்கள் முன்னோரோடு வந்த ஒஷாலா தெய்வத்துக்குரிய கிழமையில் எங்கள் ஊரில் வேறு நிறம் உடுத்துவோர் குறைவு.

கறுப்பின மாணவர்க்கென ஒதுக்கப்பட்ட வரலாற்றுத் துறை இடம் ஒன்றை ரைலானே தேர்வெழுதிப் பெற்றிருந்தாள். அவள் கறுப்பினத்தவளே என்று குழு நேரில் பார்த்து ஒப்பினால்தான் அந்த இடம் நிலைக்கும். வெள்ளையர் சிலர் பொய் சொல்லிச் சேர்ந்த பிறகு வந்த நடைமுறை இது. இதைக் கேட்டுப் போராடியவர்களும் கறுப்பினத்தவராகிய நாங்களே. தோற்றத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. தாய், தந்தை, பரம்பரை எதுவும் கணக்கில் வாராது.

ரைலானே வெளிறிய கோதுமை நிறம், நேரான முடி. தந்தை தெற்கிலிருந்து வந்த வெள்ளைக்கார லாரி ஓட்டுநர். வந்த வழியே போய்விட்டவர். நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்த ஜோசெலிட்டாவோ நல்ல கறுப்பு.

ரைலானேயை அழைக்க நான் வெளியே வந்தபோது காவலர் ஜோசெலிட்டாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, முதலாளியம்மா பொண்ணத் தனியா அனுப்ப மாட்டாங்களா?"

"முதலாளியம்மாவே நான்தான்டா தம்பி. சம்பளந்தான் யாரும் தர்றதில்ல."

காவலர் சிரித்தார். ரைலானே சிரிக்கவில்லை.

"இது எங்கம்மா" என்றாள்.

உள்ளே, குழுத்தலைவி பேராசிரியை எதினால்வா கேட்டார்: "உன்னைக் கறுப்பினப் பொண்ணுன்னு எப்பலேர்ந்து சொல்லிக்கிறே?"

"ரெண்டு வருஷமா. அதுக்கு முன்னாடி வீட்ல என்னை இலவங்கப்பட்டை நிறம்னுதான் சொல்வாங்க. பக்கத்துத் தெருவுல சாயங்கால வகுப்புல சேர்ந்தேன். ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமையா கப்பல்ல கொண்டாந்தவங்களப் பத்தி அங்கதான் படிச்சேன். வெள்ளிக்கிழமை வெள்ளை கட்டுறது சும்மா ஒரு பழக்கம்னு நெனச்சிருந்தேன். எல்லாத்தையும் பிடுங்கிட்ட பிறகும் அவங்க விடாம வச்சிருந்ததுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வீட்டுக்குப் போயி அம்மாவ ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். 'என்னடி, என் மூஞ்சில படமா ஓடுது?'ன்னாங்க."

ஐவரும் சிரித்தார்கள். எதினால்வா, எல்லா மாணவரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"கடைக்குப் போனா, காவலாளி உன் பின்னால வர்றானா?"

ஆம் என்று சொல்வது எளிது. அவள் யோசித்தாள்.

"அம்மா தனியாப் போனா வர்றான். நான் கூடப் போனா வர்றதில்ல. அதனாலதான் அம்மா எந்தக் கடைக்குப் போனாலும் நானும் போவேன்."

எதினால்வா அதைக் குறித்துக்கொண்டார்.

மழையில் உப்பிய கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு ஜோசெலிட்டா வந்தாள்.

"அம்மா, நீங்க உள்ள வரக் கூடாது" என்றேன்.

"வந்தாச்சு. என்னைப் பாருங்க. இந்த வயித்துல பொறந்தவ அவ. என்னைப் பாத்துட்டு அப்புறம் அவளப் பாருங்க."

ஐந்து பேரும் மேசையைப் பார்த்தார்கள். உறவினர் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் அது செல்லாது.

"ஏன் குனியறீங்க? பஸ்ஸுல, கடையில, ஆஸ்பத்திரியில, போற எடமெல்லாம் என்னைத்தான் மொதல்ல பாத்தாங்க. இன்னிக்கு ஒருநாள் நானா வந்து பாருங்கங்கறேன், எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிறீங்க. நீங்களும் என் நிறந்தானே?"

"பாக்கக் கூடாதுக்கா" என்றார் எதினால்வா, தலை நிமிராமல். "பாத்தா எனக்கு மனசு மாறிடும்."

"மாறட்டுமே."

"அடுத்து, அம்மாவே இல்லாத ஒருத்தி வருவா. அவ யாரக் கொண்டாந்து காட்டுவா?"

ரைலானே எழுந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா. வெளில உக்காரலாம்."

வாக்குரிமை எனக்கு இல்லை. இருவர் ஏற்றார்கள், மூவர் மறுத்தார்கள். 'விண்ணப்பதாரரின் தோற்றம் கறுப்பினத்தவரின் தோற்றமாக அறியப்படவில்லை' என்று தட்டச்சு செய்தேன். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை. மறுத்த மூவரில் எதினால்வா ஒருவர். கடைசியாகக் கையெழுத்திட்டார்; பேனாவை மூட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

தாழ்வாரத்தில் ஜோசெலிட்டா என்னைப் பார்த்ததும் எழுந்து தீர்ப்புத் தாளுக்காகக் கை நீட்டினாள்.

"விண்ணப்பதாரர்கிட்டதாம்மா தரணும்" என்றேன்.

"ஆமாமா, அதுக்கும் ஒரு விதி இருக்கும்" என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

ரைலானே பாவாடையில் கைகளைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பை வாங்கிக்கொண்டாள்.