நடு மெஷின்

…இல்லையாம், மெஷினுக்குள் மெஷின் ஓட்டுகிற அந்த வசதியே ப்ராசஸரில் இல்லையாம், என்ன பேச்சு இது, லேப்டாப் வாங்கிய அன்றே பார்த்தாளே, கண்ணால் பார்த்ததை இல்லை என்கிறது திரை. ஃபாயிஸா அந்த வரியை மறுபடியும் படித்தாள். லேப்டாப்புக்குள் சாஃப்ட்வேரால் ஆன ஒரு போலி மெஷின், அது நடு மெஷின், அதற்குள் இன்னொரு போலி மெஷின், உள்ளே இருப்பதை ஓடவிட்டுக் காட்டினால் வேலை, சென்னைக் கம்பெனி, பேகம்பூர் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்... காட்டாவிட்டால்? ஹெட்போனில் பரீட்சை வைக்கும் சிவபிரகாஷ் சார், "மெதுவா பாருங்க மேடம்" என்கிறார், மெதுவாகப் பார்க்கிற நேரமா இது, நடு மெஷினை ரீஸ்டார்ட் செய்தாள், மறுபடியும் செய்தாள், இல்லை, இல்லை என்றே அழிச்சாட்டியம் பண்ணுகிறது. அடுப்படியிலிருந்து மாமியார் ஜெய்தூன் பீவியின் குரல்: "ஏம்மா, டைப் அடிச்சு முடிஞ்சுச்சா? சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் இன்னும் வைக்கலையே!" டைப்! நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து இதே டைப்புதான், அவள் என்ன படித்தாள் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்காவது தெரியுமா, தெரிந்துகொள்ளத்தான் ஆசை உண்டா, பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

சட்டென்று கை நின்றது. நடு மெஷினை அமைக்கும்போது ப்ராசஸர் என்ற இடத்தில் என்ன கொடுத்தாள்? எதற்கு வம்பு, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடட்டும் என்று பழைய, சாதுவான மாடல் ஒன்றை... அட கிறுக்கி, நீதானே மறைத்தாய்! லேப்டாப்பில் இருக்கிற வசதியை நடுவில் இருப்பதற்குக் காட்டவே இல்லை, அப்புறம் அது எப்படி இன்னொன்றை ஓடவிடும்? உள்ளேயிருந்து எத்தனை ரீஸ்டார்ட் கொடுத்து என்ன, முழுசாக அணைத்து, மாடலை மாற்றி, முதலிலிருந்து எழுப்ப வேண்டும்.

"ப்ராசஸர்ல இருக்கு சார், நான்தான் நடு மெஷினுக்குக் காட்டாம விட்டுட்டேன்." குரல் கணீரென்று வந்தது, அவளுக்கே புதிதாக இருந்தது, விளக்கிக்கொண்டே அணைத்தாள், மாற்றினாள், எழுப்பினாள், யா அல்லாஹ், எழுந்திரு, எழுந்திரு... உள் மெஷின் ஓடியது. "நல்லா பண்ணீங்க மேடம், கூப்பிடுவாங்க" என்று சார் போனார், அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பினால் கதவருகில் மாமி, கையில் கரண்டி, எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. "இம்புட்டும் தெரியுமா ஒனக்கு? டைப்புன்னுதானே சொன்ன?" கோபமா, ஆச்சரியமா, பிடிபடவில்லை... சொன்னது யார்? பெண் பார்க்க வந்த அன்று, "என்னம்மா வேலை தெரியும்" என்று மாமிதான் கேட்டார், ஆசையாகத்தான் கேட்டார், டைப் அடிப்பேன் மாமி என்று தலை குனிந்தது அவள்தானே... அப்படிச் சொல்லு என்று யாருமே சொல்லித் தரவில்லையே. அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை, மாமி நகரவில்லை, ஃபாயிஸா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள்.