ஓணானுக்கு உமி ஆகாது

1

இந்தக் கதை என்னுடைய ஒரு தப்பிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு ஞாயிறு இணைப்பில் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஓணான் வளர்ப்பவர்கள் பெட்டியின் அடியில் உமியோ மணலோ பரப்பலாம், செலவில்லாத படுக்கை என்று ஒரு வாரம் எழுதினேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எங்கும் படிக்கவில்லை.

அடுத்த மாதம் திருக்கடையூரில் என் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்தில் எனக்குப் பக்கத்து இலையில், மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அங்கே நடந்த பத்துப் பன்னிரண்டு கல்யாணங்களில் ஒன்றின் மணப்பெண். அத்தான் என்னைப் பற்றி யாரிடமோ பெருமையடித்தது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"ஓணானுக்கு உமி போடலாம்னு எழுதினது நீங்கதானா? எம் மக படிச்சுக் காட்டுனா."

"ஆமாங்க."

"போட்டுப் பாத்திருக்கீங்களா?"

ரசம் வந்தது. நான் இலையைப் பார்த்தேன்.

"நான் போட்டுப் பாத்திருக்கேன்" என்றார் எல்லையம்மாள்.

2

தொடக்கம் ஒன்று: 'காவிரி பாய்ந்து பச்சைப் பசேலென்று விரிந்த அந்த—'

வேண்டாம். அது தை மாதம். பச்சை எங்கே இருந்தது? சம்பா முற்றி மஞ்சளாய்ச் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஒருவரும் இறங்கவில்லை.

தொடக்கம் இரண்டு: 'கலியபெருமாள் என்கிற போராளி—'

எல்லையம்மாள் சிரிப்பார். நடந்ததையே சொல்கிறேன்.

1974. மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். கலியபெருமாள் மிராசுதார் வயலில் கூலிக்குப் போகிறவன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஊரில் அவன்தான் செயலாளர். எல்லையம்மாள் அவன் மனைவி. (அன்றைக்கு இருபத்தைந்து வயது. அதனால் இனி 'அவள்' என்கிறேன். கோபிக்க மாட்டார்.)

ஒரு நாள் வரப்பு வெட்டும்போது அவன் மண்வெட்டி ஓர் ஓணானின் பின்னங்காலில் பட்டுவிட்டது. வேலி ஏற முடியாமல் அது இழுத்து இழுத்துப் போவதைப் பார்த்து மனசு கேட்காமல் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கிட்ட கதைன்னு சும்மா சொல்லுவாங்க. நீங்க நெசமாவே விட்டுக்கிட்டு வந்திருக்கீங்களே!" என்றாள் எல்லையம்மாள்.

தேயிலைப் பெட்டி ஒன்றில் குடிவைத்தான். மேலே வலைத்துண்டு, அடியில் வைக்கோல். வைக்கோலைத் தினமும் மாற்றுவான். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டியதால் அதற்கு ஆமாஞ்சாமி என்று பெயர்.

அந்த வருஷம் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் காலையில் போலீஸ் வந்தது. வீட்டிலிருந்த நோட்டீஸ், ரசீதுப் புத்தகம், பழைய பேப்பர் என்று எழுத்து இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டது. பூட்ஸ் கால் பட்டுத் தேயிலைப் பெட்டி கவிழ்ந்தது. வேனில் ஏறுமுன் கலியபெருமாள் திரும்பி அவளிடம் சொன்னது ஒரே வார்த்தை:

"அதப் பாத்துக்க."

(அவளைப் பார்த்துக்கொள் என்று அவளிடமே எப்படிச் சொல்வான்? இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. எரிச்சலாக வந்தது.)

3

மிதிபட்ட வைக்கோலைக் கூட்டி எறிந்தாள். புது வைக்கோலுக்கு எங்கே போவது? அறுப்பே நடக்கவில்லை. பழைய போர் மிராசுதார் களத்தில் இருந்தது. அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. ரைஸ் மில்லுக்குப் பின்னால் உமி மலையாய்க் குவிந்திருந்தது, கேட்க ஆளில்லை. ஒரு கூடை அள்ளிவந்து இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பினாள். மெத்தென்று, காய்ந்து, நாற்றமில்லாமல் இருந்தது. அவளுக்கே திருப்தி.

வெட்டுக்கிளி பிடித்துப் போடுவாள். ஓணான் நாக்கை நீட்டும். வெட்டுக்கிளியோடு நாலு உமியும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

பத்து நாளில் ஆமாஞ்சாமி தீனியைத் தொடவில்லை. எச்சமும் இல்லை. உடம்பு கறுத்து, வயிறு மட்டும் உப்பி, பெட்டி மூலையில் கண்ணை மூடிக் கிடந்தது.

அன்றைக்குத்தான் திருச்சி ஜெயிலிலிருந்து கார்டு வந்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

"நலம். ஆமாஞ்சாமி சாப்பிடுதா? அடியில் என்ன போட்டிருக்கே? ஈரம் நிற்காமல் பார்."

"அவ்வளவுதானா? நான் சாப்பிட்டேனான்னு ஒண்ணும் இல்லியா?"

தங்கம்மாள் கார்டைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பின்னால் விலாசம்தான் இருந்தது.*

* இந்த இடத்தில் ஓணானை ஏதாவது ஒன்றின் குறியீடாக்க எனக்குக் கை அரித்தது. நசுக்கப்பட்ட வர்க்கம், தலையாட்டும் ஜனநாயகம், இப்படி. அது ஓணான். வயிறு அடைத்திருந்தது.

கார்டைக் கூரையில் சொருகினாள். சொருகிய கையோடு ஓணானை முந்தானையில் முடிந்துகொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

4

கம்பவுண்டர் இருதயசாமி முந்தானையை எட்டிப் பார்த்தார். "நான் மாட்டுக்குத்தாம்மா படிச்சிருக்கேன்" என்றார். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு விரலால் வயிற்றைத் தடவினார்.

"கல்லு மாதிரி இருக்கே. எதுல வச்சிருக்கே?"

"உமிங்க."

"அதான். உமி செரிக்காது, குத்தும். உள்ள போயி அடைச்சுக்கிச்சு."

கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள் எல்லையம்மாள். 'பாத்துக்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான், அதையும்—

(அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

"வெதுவெதுன்னு தண்ணியில வயிறு முங்குற மாதிரி காலையும் சாயங்காலமும் உக்கார வை. தலைய மட்டும் தூக்கிப் புடிச்சுக்க. கர்த்தர் சித்தம்."

"இனிமே அடியில என்னங்க போடுறது? மணலா?"

"மணலும் உள்ள போயி இதே வேலையத்தான் செய்யும்."

"மரத்தூளு?"

"தூசி மூக்குல ஏறும். வயித்துக்குள்ள போகக் கூடாது, கால்ல சிக்கக் கூடாது, ஈரம் நிக்கக் கூடாது. பழைய பேப்பர் போடேன்."

"பேப்பரெல்லாம் போலீஸ் கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

இருதயசாமி சிரிக்கவில்லை. தன் மேஜையிலிருந்து நாலு தாள் எடுத்துக் கொடுத்தார்.

5

மூன்றாம் நாள் காலை. ஈயச் சட்டியில் வெந்நீர். அவள் கையில் ஆமாஞ்சாமி. அது வாலை ஒருமுறை முறுக்கியது. தண்ணீரில் கறுப்பாய் ஏதோ மிதந்தது. அதில் உமி, ஒன்று, இரண்டு, ஐந்து.

"தங்கம்மா! ஓடியா! வெளிக்குப் போயிடுச்சுடி!"

தெருவே வந்து ஓணான் எச்சத்தைப் பார்த்தது. புருஷனை வேனில் ஏற்றியபோது அழாதவள், ஈயச் சட்டியைக் கட்டிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஓணான் ஒரு வெட்டுக்கிளியை முழுங்கியது.

6

பேப்பர் வயிற்றுக்குள் போகவில்லை. ஆனால் நொண்டிக் கால் அதில் வழுக்கியது. பிடிமானம் இல்லாமல் தவழ்ந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு தான் உட்கார்ந்திருந்த மண்தரையைப் பார்த்தாள். கையால் தேய்த்தாள். ஒன்றும் உதிரவில்லை.

களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, பெட்டிக்குள் அறைந்து, கூழாங்கல்லால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டாள்.

அந்தக் களிமண்ணை எடுக்க முதல் பிரதியில் நான் அவளை மிராசுதார் வயலுக்குள் இறக்கினேன். காரியஸ்தர் துரைராசு ஆளோடு வந்து வழிமறித்தார். நல்ல சூடான காட்சி. இரண்டு பக்கம். பிறகு ஒரு நாள் அவர் ஊருக்குப் போய் எல்லையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவுக வயலுக்கு நான் ஏன் போறேன்?" என்றார். "எங் கொல்லையில தோண்டினேன். அதுக்கு மூணு மாசம் முந்திதான் குடியிருப்பு மனைக்கு எங்களுக்குப் பட்டா வந்துச்சு. அதுவரைக்கும் ஒரு முருங்கப் போத்து நடணும்னாலும் அவுகளைக் கேக்கணும். அன்னைக்கு யாரையும் கேக்காம, முழங்கை ஆழத்துக்குத் தோண்டினேன். வேண்டிய மண்ணு அரைக் கூடைதான். குழி பெருசாப் போயிடுச்சு. தோண்டத் தோண்ட நல்லா இருந்துச்சு."

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். துரைராசுவுக்கு இனி இந்தக் கதையில் வேலையில்லை.

7

மாசி பிறந்து கலியபெருமாள் ஜாமீனில் வந்தான். கால் மரக்கால் கூட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டு அறுப்பு அதற்குள் நடந்துவிட்டிருந்தது.

முடிவு அ: அவன் நேரே பெட்டியிடம் போய், தரையை விரலால் தட்டிப் பார்த்து, "யாரு போட்டது?" என்று—

முடிவு ஆ: அவன் நேரே அவளிடம் போய்—

இதை அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்திலேயே எல்லையம்மாளிடம் கேட்டிருந்தேன். "வந்ததும் முதல்ல எங்கேங்க போனாரு? பெட்டிகிட்டயா, உங்ககிட்டயா?"

அவர் குழாயடியைப் பார்த்தார். கழுத்து மாலையோடு கலியபெருமாள் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அத நீங்க எழுதக் கூடாது" என்றார். முகம் சிவந்துவிட்டது.

ஆகவே எழுதவில்லை. அவனை அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். தாடியோடு, கையில் ஒரு துணிப்பையோடு. எந்தப் பக்கம் திரும்பினான் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் சம்மதம். உள்ளே இரண்டு உயிரும் நல்லபடியாக இருந்தன.