சாலையோரச் சோளம்

"இன்னைக்கு ரெண்டு கட்டு சேத்து அறுத்துக்கோ," என்று வரப்பில் நின்றபடி கணவன் பாக்யராஜ் சொன்னபோதே லில்லிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மாட்டுத் தீவனமான குதிரைமசாலை அன்றன்றைக்கு அறுத்துப் போடுவதுதான் வழக்கம்.

"எதுக்கு?"

"சாயங்காலம் இருசப்பன் மெஷினோட வரான். சோளத்துக்கு மருந்து அடிக்கணும்."

லில்லி அரிவாளோடு நிமிர்ந்தாள். குதிரைமசாலும் மக்காச்சோளமும் ஒட்டியே இருந்தன. விசைத்தெளிப்பானில் அடித்தால் புகைபோல் எழும் மருந்து, காற்று போகும் பக்கமெல்லாம் போகும். பிறகு பல நாளைக்கு இந்தப் பச்சையை மாட்டுக்குக் காட்ட முடியாது.

"அப்புறம் மாட்டுக்கு இன்னாத்த போடறது?"

"வைக்கோல் போடு."

"கன்னு போட்டு மாசம் ஆவல. வெறும் வைக்கோல தின்னுட்டு பால் குடுக்குமா? நீ தின்னுட்டு குடுப்பியா?"

பாக்யராஜ் சிரிக்கவில்லை. வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு கரையாம்புத்தூருக்குத் திரும்பி அவன் போட்ட முதல் வெள்ளாமை இது. நிலம் சாலையை ஒட்டி இருந்ததால் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் அது கண்காட்சியாகிவிட்டது. நேற்று ஊர்க்காரன் மரியதாஸ் வண்டியை நிறுத்தி, "இன்னாடா மாப்ள, சோளம் போட்டியா, சல்லடை போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதன்பின் பாக்யராஜ் சாலையோரச் செடிகளின் ஓட்டை விழுந்த இலைகளை ஒருமுறை பார்த்தான், இருசப்பனுக்குப் போன் போட்டான். வயலுக்குள் இறங்கவில்லை. உள்ளே இன்னும் மோசமாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. லில்லிக்கு அது புரிந்தது.

அவளே இறங்கினாள். ஒரே வரிசையில் போகாமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, போகிற இடத்தில் எல்லாம் சில செடிகளின் குருத்தை விலக்கிப் பார்த்தாள்.

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு விரிந்த இலையை அவ்வளவாகத் தேடுவதில்லை. சுருட்டிய பாய் மாதிரி இருக்கும் குருத்துக்குள் தலையை விட்டுத் தின்னும். சுருட்டின காகிதத்தை ஓரிடத்தில் ஊசியால் குத்திப் பிரித்தால் வரிசையாக ஓட்டை தெரியும் அல்லவா, அதேபோல் ஒரு கடி, இலை விரியும்போது ஒரு வரிசை ஓட்டையாகிவிடும். அதற்குள் சில நாள் ஓடியிருக்கும். ஆக, ஓட்டை என்பது பழைய சேதி. புழு இப்போது இருக்கிறதா என்பதைக் குருத்துதான் சொல்லும். ஈரமான மரத்தூள் போல எச்சம் கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. காய்ந்து உதிர்ந்தால் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

சாலையோரத்தில் முக்கால்வாசிக் குருத்தில் ஈரத்தூள் கிடந்தது. உள்ளே போகப் போகக் குறைந்தது. நடுவில் சில செடிகளில்தான் புழு இருந்தது. லில்லி திரும்பிச் சாலையைப் பார்த்தாள். புதிதாகப் போட்ட வெள்ளை விளக்கு, கம்பத்தின் மேல். வெளிச்சத்துக்கு வருகிற அந்துப்பூச்சி இறங்கி முட்டை வைப்பதற்கு முதலில் கிடைப்பது அந்த வரிசைகள்தானே.

"யோவ், உள்ள வந்து பாருய்யா!"

"இங்கருந்தே தெரியுது."

"ரோட்ல போறவனுக்குத் தெரியறதுதான் உனக்கும் தெரியுது. உன் கொல்லதான? வா."

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். அவள் காட்டிய குருத்துகளை ஒவ்வொன்றாக விரித்தான். சுத்தமாக இருந்தது ஒன்று. அடுத்ததும் சுத்தம். மூன்றாவதில் புழு சுருண்டு கிடந்தது. அவன் அதை நசுக்கினான். மறுபடி அடுத்த செடிக்குப் போனான். லில்லி சொல்லாமலே.

சாயங்காலம் இருசப்பன் வந்து விஷயத்தைக் கேட்டதும் மெஷினைத் தரையில் இறக்கினான். "ரோட்டோரம் நாலு வரிசைக்கா என்னைக் கூப்ட்ட? முடி வெட்டிக்கப் போனவன் காதோரம் மட்டும் போதும்ன மாதிரி இருக்கு."

"அடிண்ணா. காத்து இப்ப ரோட்டுப் பக்கம்தான் போவுது," என்றான் பாக்யராஜ்.

"நாளைக்கு உள்ள பரவிச்சின்னா திரும்பக் கூப்புடாத. அடுத்த வாரம் வரைக்கும் எனக்கு ஆள் இருக்கு. நல்லா யோசிச்சிக்க."

பாக்யராஜ் லில்லியைப் பார்த்தான். அவள் மணல் வாளியை எடுக்கக் குனிந்தாள். முதல் வெள்ளாமை அவனுடையது.

"ரோட்டோரம் மட்டும் அடிண்ணா," என்றான்.

மெஷின் சத்தம் தொடங்கியது. இருவரும் ஆளுக்கொரு வாளி மணலோடு நடு வயலுக்குப் போனார்கள். புழு இருந்த குருத்தில் ஒரு பிடி மணல் போட்டால் துகள் இடுக்கில் இறங்கிப் புழுவை உரசும். எல்லாம் சாகும் என்று சொல்ல முடியாது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாக்யராஜ் ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி அப்படியே நின்றான். "லில்லி, தோ பாரு."

பஞ்சு ஒட்டிய சின்ன முட்டைக் குவியல். அத்தனை முட்டைகளும் கறுத்திருந்தன. பொரியப் போகிற முட்டையும் கறுக்கும். குண்டூசித் தலையைவிடச் சின்னக் குளவி ஒன்று உண்டு, அது உள்ளே தன் முட்டையை வைத்துவிட்டாலும் கறுக்கும். அப்படியானால் புழு வராது, குளவிகள்தான் வரும், வந்து மற்ற முட்டைகளையும் தேடிப் போய் அழிக்கும்.

"இது எது?"

"தெரியல."

"நசுக்கிடட்டுமா?"

"குளவியா இருந்தா?"

அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டைகளின் இரு பக்கமும் நின்றன. காற்றில் இலை அசைந்தது. விரல்களும் அதோடு அசைந்தன, அழுத்தாமல், விடாமல்.